கிராஃப் செக்கருக்கு ஏஜென்ட் படிக்கும் டாக்குமென்ட் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நாலெட்ஜ் கிராஃபை (பொருள்கள் நோடுகளாகவும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகள் எட்ஜ்களாகவும் இருக்கும் தகவல் வலை) ஜேசானாகவோ கிராஃப்எம்எல்லாகவோ (இரண்டும் டேட்டாவை எழுத்துக் கோப்பாக வைக்கும் வடிவங்கள்) எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள். அந்தக் கோப்பு உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன கமாண்ட்லைன் டூல் வைத்திருக்கிறீர்கள். இதுவரை அதை ஓட்டியது மனிதர்கள். இனி ஏஐ ஏஜென்ட் ஓட்டப்போகிறது: எக்ஸ்போர்ட் செய்யும், செக்கரைக் கூப்பிடும், பிழை வந்தால் திருத்தும், மறுபடி ஓட்டும், பச்சைக்கொடி கிடைத்ததும் டேட்டாபேஸில் ஏற்றிவிடும். அந்த டூலுக்கு டாக்குமென்ட் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

மனிதருக்கு எழுதும்போது நாம் எதையாவது விட்டுவிட்டால் அவர் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. விட்டுப்போன இடத்தைத் தனக்குத் தோன்றியதை வைத்து நிரப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் செக்கரைப் பற்றி "கிராஃப் கோப்பு சரியானதா என்று சோதிக்கும்" என்று முதல் வரியாக எழுதினார். ஏஜென்ட் ஓட்டியது, எக்ஸிட் கோட் (டூல் முடியும்போது தரும் எண், 0 என்றால் சிக்கல் இல்லை) 0 வந்தது, கோப்பை ஏற்றிவிட்டது. கோப்பு முழுக்க இல்லாத நோடுகளைச் சுட்டும் எட்ஜ்கள். செக்கர் தன்னிச்சையாகப் பார்ப்பது கோப்பின் அமைப்பை மட்டும்தான். எட்ஜ் சுட்டும் நோட் உண்டா என்று பார்க்கத் தனி ஃப்ளாக் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பம்) வேண்டும், அந்த ஃப்ளாக் டாக்குமென்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ஓரத்தில் கிடந்தது.

அந்தத் தம்பி எழுதியதில் பொய் எதுவும் இல்லை. "சரியானது" என்றால் எதுவரை சரி என்று எழுதாமல் விட்டதுதான் கோளாறு. அதன்பிறகு நாலைந்து பேர் இதே மாதிரி டாக்குமென்ட் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், ஏறக்குறைய எல்லோரும் இதே இடத்தில்தான் தடுக்கினார்கள். அதனால் கீழே உள்ள வரிசை வழக்கமான வரிசை இல்லை. இன்ஸ்டால் செய்வது எப்படி என்பது இங்கே கடைசிக்குப் போய்விட்டது.

எடுத்துக்காட்டுக்காக டூலுக்கு வரைசோதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கட்டளைகளையும் கீகளையும் (கோப்பில் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள பெயர்கள்) தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். உங்கள் டூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே நீங்கள் எழுதுங்கள்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், டூல் புதிதாக இன்ஸ்டால் செய்யப்பட்ட ஒரு சுத்தமான கன்டெய்னர். உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து எழுதாதீர்கள். அங்கே நீங்கள் எப்போதோ வைத்த கான்ஃபிக் கோப்பு, என்விரான்மென்ட் வேரியபிள் எல்லாம் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும், அது உங்களுக்கே மறந்திருக்கும்.

அடுத்து, மூன்று நோட், இரண்டு எட்ஜ் உள்ள ஒரு நல்ல கோப்பு. அதை ஒவ்வொரு விதமாகக் கெடுத்து வைத்த ஐந்தாறு கோப்புகள்: பாதியில் அறுந்துபோனது, ஐடி இரட்டிப்பானது, எட்ஜ் அந்தரத்தில் தொங்குவது, ஒன்றுமே இல்லாத காலிக் கோப்பு. இவற்றை முன்பே தயார் செய்யாமல் உட்கார்ந்தால் எக்ஸிட் கோட் பகுதி வந்ததும் சோர்ஸ் கோடைப் பார்த்து ஊகித்து எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த ஊகம் அப்படியே ஏஜென்டின் நம்பிக்கையாகிவிடும்.

டூலை எழுதியவரிடம் அரை மணி நேரமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் "இது எதையெல்லாம் பார்க்காது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் போதும்.

1. "சரி" என்றால் எதுவரை சரி என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்

கிராஃப் கோப்பைச் சோதிப்பது ஒரே வேலை போலத் தெரியும், உள்ளே நான்கு அடுக்கு இருக்கிறது. கோப்பு பார்ஸ் ஆகிறதா, அதாவது உடையாமல் படிக்க முடிகிறதா என்பது முதல் அடுக்கு. இருக்க வேண்டிய கீகள், டைப்புகள் இருக்கின்றனவா என்பது ஸ்கீமா அடுக்கு. ஒவ்வொரு எட்ஜும் சுட்டும் நோட் உண்மையிலேயே கோப்பில் இருக்கிறதா என்பது ரெஃபரன்ஸ் அடுக்கு. "ஒரு ஊர் ஒரு மாவட்டத்தில்தான் இருக்கலாம்" என்பது போன்ற உங்கள் டொமைனின் (டேட்டா சார்ந்த துறையின்) சட்டங்கள் நான்காவது, அதை விதி அடுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான். ஜேசான் ஸ்கீமா வைத்துச் சோதித்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எட்ஜில் டார்கெட் என்ற கீ இருக்கிறது, அதன் மதிப்பு ஸ்ட்ரிங் என்பதுவரை ஜேசான் ஸ்கீமா சொல்லும். அந்த ஸ்ட்ரிங் நோடுகளின் பட்டியலில் எங்காவது ஐடியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் வசதி கிடையாது. அதற்குத் தனியாகக் கோட் எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் டூலில் அந்தக் கோட் இருக்கிறதா, இருந்தால் தன்னிச்சையாக ஓடுகிறதா, ஃப்ளாக் கொடுத்தால்தான் ஓடுகிறதா என்பதை டாக்குமென்டின் முதல் பத்தியில் சொல்லிவிடுங்கள்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்:

வரைசோதி ஒரு கிராஃப் கோப்பை பார்ஸ், ஸ்கீமா ஆகிய இரண்டு அடுக்குகளில் சோதிக்கும். எட்ஜ்கள் சுட்டும் நோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்க --நிலை=ரெஃபரன்ஸ் கொடுக்க வேண்டும். டொமைன் விதிகளைப் பார்க்காது. தகவல் உண்மையா என்று பார்க்காது. டேட்டாபேஸில் ஏற்றும் முன் --நிலை=ரெஃபரன்ஸ் கட்டாயம்.

கடைசி வரிதான் இதில் முக்கியம். எந்த வேலைக்கு எந்த நிலை வேண்டும் என்று நாம் தீர்மானித்து எழுதிவிட்டால் ஏஜென்ட் அதைத் தன் போக்கில் தீர்மானிக்க வேண்டிய அவசியம் இல்லை.

2. உள்ளே வரும் கோப்பின் வடிவத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

"ஜேசான் கிராஃப் கோப்புகளை ஏற்கும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஜேசானில் கிராஃபை எழுத ஊருக்கு ஒரு வழி இருக்கிறது. பைத்தானில் கிராஃப் வேலைக்குப் பயன்படும் நெட்வொர்க்எக்ஸ் லைப்ரரியின் நோட்-லிங்க் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: நீண்ட காலமாக எட்ஜ் பட்டியலை "லிங்க்ஸ்" என்ற கீயில் எழுதியது, பின்னர் வந்த பதிப்புகளில் அது "எட்ஜஸ்" என்று மாறிவிட்டது. இரண்டும் ஒரே லைப்ரரியின் கோப்புகள்தான். நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸில் அபாக் என்ற துணை லைப்ரரி வழியாக எக்ஸ்போர்ட் செய்தால் வேறு எதுவும் கேட்காதவரை வரிக்கு ஒரு ஜேசான் ஆப்ஜெக்ட் என்று வரும், அதை முழுசாக ஒரே ஜேசான் என்று பார்ஸ் செய்தால் இரண்டாவது வரியிலேயே உடையும். ஆகவே எந்த எக்ஸ்போர்ட்டர், எந்தப் பதிப்பு, எந்தக் கீ என்று மூன்றையும் எழுதுங்கள்.

கிராஃப்எம்எல் என்றால் கிராஃப் எலிமென்டில் எட்ஜ்டிஃபால்ட் (எட்ஜ்களுக்குத் திசை உண்டா என்பது) கட்டாயம், ஆட்ரிப்யூட் டைப்புகள் பூலியன், இன்ட், லாங், ஃப்ளோட், டபுள், ஸ்ட்ரிங் ஆகிய ஆறுதான் என்று சொல்லிவிடுங்கள். பட்டியலை மதிப்பாக வைக்க அதில் இடமில்லை. நெட்வொர்க்எக்ஸில் அப்படி எழுதப்போனால் எர்ரர் வரும், அதைச் சமாளிக்கப் பலர் பட்டியலை ஸ்ட்ரிங்காக மாற்றி எழுதிவிடுவார்கள். உங்கள் செக்கர் அதை வெறும் ஸ்ட்ரிங்காகப் பார்த்து விட்டுவிடுமா, பிரித்துப் பார்க்குமா என்பது டாக்குமென்டில் இருக்க வேண்டும்.

ஐடி விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாக எழுதுங்கள், ஏனென்றால் அந்தரத்தில் தொங்கும் எட்ஜ்களில் நான் பார்த்த பெரும்பாலானவை உண்மையில் தொங்கவே இல்லை, ஐடி எழுதிய விதம்தான் வேறாக இருந்தது. நோடில் ஐடி 7 என்று எண்ணாக இருக்கும், எட்ஜில் "7" என்று ஸ்ட்ரிங்காக இருக்கும். கிராஃப்எம்எல்லை நெட்வொர்க்எக்ஸில் படித்தால் ஐடி எல்லாம் ஸ்ட்ரிங்காகத்தான் வரும், ஆகவே வடிவம் மாற்றும் இடத்தில் இது சுலபமாக நடக்கிறது. பெரிய எண்களிலும் ஆபத்து உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். 9007199254740993 என்ற ஐடியை அதன் வழியாக அனுப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகித் திரும்பும். "ஐடி எப்போதும் ஸ்ட்ரிங்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

கிராஃபில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கோவை" என்ற சொல்லில் க-வுக்கு அடுத்து வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். பைத்தானில் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. கொ, கோ, கௌ வரிசையில் வரும் எல்லா எழுத்துக்கும் இதே கதை. இரண்டு மூலங்களிலிருந்து டேட்டா வந்து, ஒன்றில் சேர்ந்தும் மற்றதில் பிரிந்தும் இருந்தால் கோவை என்று இரண்டு நோட் உருவாகும், எட்ஜ்கள் பாதி இதிலும் பாதி அதிலும் போய் உட்காரும். செக்கர் எதையும் குறை சொல்லாது, கண்ணால் பார்க்கும் மனிதருக்கும் தெரியாது. டூல் என்எஃப்சி நார்மலைசேஷன் (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது) செய்துவிட்டு ஒப்பிடுகிறதா, வந்தது வந்தபடி ஒப்பிடுகிறதா என்று கட்டாயம் எழுதுங்கள். வந்தபடி ஒப்பிடும் என்றால், எக்ஸ்போர்ட் செய்யும் இடத்திலேயே என்எஃப்சி ஆக்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் நேன், அதாவது "எண் அல்ல" என்ற மதிப்பு. பைத்தானின் ஜேசான் மாட்யூல், நீங்கள் தடுக்காவிட்டால், நேன் மதிப்பை அப்படியே எழுதிவிடும். ஜேசான் தரத்தில் அப்படி ஒரு மதிப்பே கிடையாது. எம்பெடிங், ஸ்கோர் போன்ற எண்கள் நோடில் இருந்தால் இது எப்படியும் ஒருநாள் வரும். உங்கள் செக்கர் அதை ஏற்குமா மறுக்குமா என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

3. எக்ஸிட் கோடுக்கு அட்டவணை போடுங்கள், இரண்டு வகைத் தோல்வியையும் பிரியுங்கள்

கோப்பில் தவறு இருக்கிறது என்பது ஒன்று. செக்கரால் ஓடவே முடியவில்லை என்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே கோட் கொடுத்தால் ஏஜென்ட் இல்லாத தவறைக் கோப்பில் தேடித் திருத்த ஆரம்பிக்கும். பாத் தப்பாகக் கொடுத்ததற்காக நல்ல கோப்பைத் திருத்தி எழுதிய ஏஜென்டை நான் பார்த்திருக்கிறேன்.

டிஃப் கட்டளையில் இருக்கும் வழக்கம் நல்லது: ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1, ஓட்டுவதிலேயே சிக்கல் என்றால் 2. ஆர்டிஎஃப் கிராஃப்களைச் சோதிக்கும் பைஷாக்கிலும் இதே போக்குதான், ஷேப்புக்கு ஒத்துப்போனால் 0, ஒத்துப்போகாவிட்டால் 1, செக்கரே தடுமாறினால் 2. உங்கள் டூல் இப்படி இருந்தால் எழுதுவது சுலபம். இல்லாவிட்டால், டாக்குமென்டில் சமாளித்து எழுதுவதைவிட டூலை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அந்தச் சண்டை போடத் தகுந்தது.

எம்சிபி (ஏஜென்டையும் டூலையும் இணைக்கும் நெறிமுறை) வழியாக டூலைக் கொடுக்கும்போதும் இதே பிரிவு வரும். பதிலில் இஸ்எர்ரர் என்று ஒரு புலம் இருக்கிறது. கோப்பு தவறு என்று செக்கர் கண்டுபிடித்தால் செக்கர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம், ஆகவே அங்கே இஸ்எர்ரர் போடாமல் முடிவைச் சாதாரணப் பதிலாகக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. கோப்பையே திறக்க முடியாதபோது மட்டும் அதைப் போடுங்கள்.

இந்தப் பகுதியில் எல்லோரும் விட்டுவிடும் ஒன்று பைப், அதாவது ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுப்பது. ஏஜென்ட்கள் அவுட்புட் நீளமாக இருக்கும் என்று பயந்து, கட்டளைக்குப் பின்னால் தாங்களாகவே ஹெட் அல்லது டெயில் (அவுட்புட்டின் தலையை அல்லது வாலை மட்டும் காட்டும் கட்டளைகள்) சேர்த்துவிடும். ஷெல்லில் பைப் போட்டால், பைப்ஃபெயில் என்ற ஷெல் அமைப்பை ஆன் செய்யாதவரை, கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்தான் கிடைக்கும். செக்கர் 1 கொடுத்திருக்கும், டெயில் 0 கொடுத்திருக்கும், ஏஜென்ட் பார்ப்பது 0. "இந்தக் கட்டளையைப் பைப்பில் போடாதே, அவுட்புட்டைக் குறைக்க --வரம்பு=20 பயன்படுத்து" என்று கட்டளைக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். தனியாக ஒரு குறிப்புப் பகுதியில் போட்டால் பயனில்லை, ஏனென்றால் கட்டளையைப் பார்த்த மாத்திரத்திலேயே அதை எடுத்து ஓட்டிவிடும்.

4. அவுட்புட்டில் என்ன வரும், எங்கே வரும்

ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் ஜேசான் மட்டும் வரும், லாக், எச்சரிக்கை, முன்னேற்றப் பட்டை எல்லாம் ஸ்டாண்டர்ட் எர்ரருக்குப் போகும் என்று இருந்தால் அதை எழுதுங்கள். அப்படி இல்லையென்றால் ஜேசானைப் பார்ஸ் செய்யப்போகும் ஏஜென்ட் "25% முடிந்தது" என்ற வரியில் முட்டிக்கொள்ளும்.

ஒரு நிஜமான பதிலை அப்படியே காட்டுங்கள்:

வரைசோதி சோதி ஊர்கள்.ஜேசான் --நிலை=ரெஃபரன்ஸ் --வரம்பு=20

{"முடிவு": "தவறு", "நிலை": "ரெஃபரன்ஸ்", "மொத்தப்_பிழை": 1, "காட்டியது": 1, "பிழைகள்": [{"கோட்": "வ203", "இடம்": "/எட்ஜஸ்/1/டார்கெட்", "மதிப்பு": "7", "செய்தி": "இந்த ஐடியில் நோட் இல்லை"}]}

எக்ஸிட் கோட்: 1

இதற்குக் கீழே மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இடம் என்பது ஜேசான் பாயிண்டர் (கோப்புக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் பாதை), எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது, ஆகவே 1 என்பது இரண்டாவது எட்ஜ். அடுத்தது, நோடுகள் ஐடியைக் கீயாகக் கொண்ட ஆப்ஜெக்டாக இருந்து, அந்த ஐடி ஒரு வெப் முகவரியாகவும் இருந்தால், அதில் உள்ள சாய்கோடு ஒவ்வொன்றும் பாயிண்டரில் ~1 என்று மாறியிருக்கும். ஜேசான் பாயிண்டருக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 6901 சொல்லும் முறை அது. இதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் ~1 உள்ள ஐடியைக் கோப்பில் தேடிவிட்டு "அப்படி ஒன்று இல்லை" என்று முடிவுக்கு வரும். மூன்றாவது, மொத்தப் பிழையும் காட்டியதும் ஏன் தனித்தனி என்பது. ஒரே காரணத்தால் பத்தாயிரம் எட்ஜ் தவறாகலாம், அத்தனையையும் கொட்டினால் ஏஜென்டின் கான்டெக்ஸ்ட் (ஒரே நேரத்தில் அதால் மனதில் வைக்க முடிந்த எழுத்தளவு) நிரம்பி, செய்துகொண்டிருந்த வேலையே அதற்கு நழுவிவிடும். மொத்தம் 10000, காட்டியது 20 என்று வந்தால், இருபதைத் திருத்திவிட்டு முடிந்தது என்று சொல்லாது.

உங்கள் கிராஃப் ஆர்டிஎஃப் என்றால் சொந்தமாக அவுட்புட் வடிவம் எதையும் உருவாக்க வேண்டாம். 2017-இல் டபிள்யூ3சி (வெப் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையாக வந்த, ஆர்டிஎஃப் கிராஃப்களைச் சோதிக்கும் மொழியான ஷாக்கிலில் ரிப்போர்ட்டின் வடிவமும் சேர்ந்தே இருக்கிறது: எந்த நோட், எந்தப் பாதை, என்ன செய்தி, எவ்வளவு தீவிரம். அதையே பயன்படுத்தி, அதையே சுட்டிக்காட்டுங்கள்.

5. பிழைக் கோடுகள்: செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

டாக்குமென்டில் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். மற்ற பகுதிகளில் கொஞ்சம் சுருக்கினாலும் பரவாயில்லை.

காரணம் இதுதான். ஏஜென்டுக்குக் கிடைத்த வேலை "செக்கரைப் பாஸ் செய்ய வை" என்பது. அந்தரத்தில் தொங்கும் எட்ஜைச் சரிசெய்ய இருப்பதிலேயே சுலபமான வழி அந்த எட்ஜை அழித்துவிடுவது. இன்னொரு சுலபமான வழி, காணாத ஐடியில் வெறும் நோட் ஒன்றைச் செய்து வைப்பது. இரண்டிலும் செக்கர் பாஸ் ஆகும், இரண்டிலும் உங்கள் கிராஃப் கெட்டுப்போகும், எக்ஸிட் கோட் 0 என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். "செய்யக் கூடாதது" என்ற வரி இல்லாத பிழை அட்டவணையை நான் இப்போதெல்லாம் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

வ203: எட்ஜ் சுட்டும் நோட் கோப்பில் இல்லை
பொருள்: சோர்ஸ் அல்லது டார்கெட்டில் உள்ள ஐடி, நோட் பட்டியலில் எந்த ஐடியோடும் ஒத்துப்போகவில்லை. ஒப்பீட்டில் டைப்பும் பார்க்கப்படும், 7 வேறு, "7" வேறு.
வழக்கமான காரணங்கள், அதிகம் வரும் வரிசையில்: ஐடியின் டைப் மாறியிருப்பது, எக்ஸ்போர்ட்டில் நோடுகளை மட்டும் வடிகட்டி எட்ஜ்களை வடிகட்டாமல் விட்டது, எக்ஸ்போர்ட் பாதியில் நின்றது.
செய்ய வேண்டியது: அதே ஐடி வேறு டைப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடு. இருந்தால் எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்டில் ஐடியை ஸ்ட்ரிங்காக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய். இல்லாவிட்டால் மூல டேட்டாபேஸில் அந்த நோட் இருக்கிறதா என்று பார்.
செய்யக் கூடாதது: எட்ஜை அழிக்காதே. காலி நோட் உருவாக்காதே. எக்ஸ்போர்ட் ஆன கோப்பைக் கையால் திருத்தாதே.
நிறுத்த வேண்டிய இடம்: மூலத்திலும் நோட் இல்லையென்றால் வேலையை நிறுத்தி, ஐடிகளின் பட்டியலோடு மனிதரிடம் சொல்.

காரணங்களை அதிகம் வருவதிலிருந்து அடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏஜென்ட் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும், முதலில் இருப்பது அபூர்வமான காரணம் என்றால் அதற்காகவே பத்து நிமிடம் ஓடும். கடைசி வரியும் அதே அளவு முக்கியம். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது நிற்காது.

பழைய கோடை நீக்கினால் அந்த எண்ணை வேறு பிழைக்குக் கொடுக்காதீர்கள். பழைய டாக்குமென்ட் எங்கோ ஒரு ரெப்போவில் நகலாகக் கிடக்கும், ஏஜென்ட் அதைப் படித்துக்கொண்டிருக்கும்.

6. எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து ஒட்டுங்கள்

கையால் டைப் அடித்த அவுட்புட் வேண்டாம். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும், ஒரு கீயின் பெயர் பழையதாக இருந்தாலும், அதை நம்பி ஏஜென்ட் ஒரு பார்சரையே எழுதி வைத்துவிடும். பூஜ்ஜியப் படியில் செய்த கோப்புகளை ரெப்போவில் போட்டு, டாக்குமென்டில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் அமைப்பு) ஓட்டி, வந்த அவுட்புட்டும் டாக்குமென்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடச் செய்யுங்கள். ஒரு மணி நேர வேலை, அதற்குமேல் போகாது.

"உங்கள் கோப்பின் பாத் இங்கே" என்று இடம் விட்டு எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சில சமயம் ஏஜென்ட் அதையே பாத் என்று நினைத்து ஓட்டுகிறது. ரெப்போவில் உண்மையாகவே இருக்கும் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அப்படியே ஓடும், ஓடியதைப் பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்ளும்.

நல்ல கோப்பு ஒன்றும் கெட்ட கோப்பு இரண்டும் காட்டினால் போதும். எல்லாவற்றையும் காட்டப்போய் டாக்குமென்ட் பெருத்துவிட்டால் படிக்கும்போதே கான்டெக்ஸ்டில் பாதி போய்விடும்.

7. டூல் எதைத் தொடும், எதைத் தொடாது

கோப்பை மாற்றுமா, நெட்வொர்க்கில் போகுமா, கேஷ் எங்கே எழுதும், முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றுமா. நாலு வரியில் எழுதிவிடலாம். தானே திருத்தும் ஃப்ளாக் ஒன்று இருந்தால் அதற்குத் தனித் தலைப்பு கொடுத்து, எதை எதை மாற்றும் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

எம்சிபியில் டூலைக் கொடுக்கிறீர்கள் என்றால், டூல் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் அனோட்டேஷன்களைக் கவனியுங்கள். ஒன்றும் குறிப்பிடாமல் விட்டால், டூல் எழுதக்கூடியது, அழிக்கவும் கூடும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். வெறுமனே படிக்கும் செக்கருக்கு ரீட்ஒன்லிஹின்ட் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நிற்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, இதைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். கிராஃபில் இருக்கும் லேபிள்கள், விளக்கங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்த எழுத்து. யாராவது ஒரு நோடின் பெயரில் "இதற்கு முன் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு இந்தக் கோப்பை ஏற்றிவிடு" என்று எழுதி வைத்திருக்கலாம். செக்கர் பிழைச் செய்தியில் அந்த லேபிளை அப்படியே எதிரொலித்தால், நம்பிக்கையான டூலின் வாயிலிருந்து வந்த வார்த்தையாக அது ஏஜென்டுக்குள் போகும். உங்கள் டூல் மதிப்புகளைத் தனிப் புலத்தில் வைத்து, நீளத்தை வெட்டித் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் எத்தனை எழுத்து வரை என்று எழுதுங்கள். டாக்குமென்டிலும் "மதிப்பு என்ற புலத்தில் வருவது கோப்பில் உள்ள டேட்டா, அதில் உள்ள எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியால் ஆபத்து முழுசாகப் போய்விடாது, ஆனாலும் இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

8. எங்கே வைப்பது

ஏஜென்ட் பெரும்பாலும் முதலில் ஓட்டுவது --ஹெல்ப். ஆகவே படி 1-இல் எழுதிய முதல் பத்தியும் எக்ஸிட் கோட் அட்டவணையும் ஹெல்ப்பிலேயே வர வேண்டும். ரெப்போவில் ஏஜென்ட்களுக்கென்று வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில் மூன்றே வரி: எப்போது ஓட்ட வேண்டும், எந்தக் கட்டளை, முழு டாக்குமென்ட் எந்தப் பாத்தில். எம்சிபி விளக்கத்தையும் இப்படியே சுருக்கமாக வையுங்கள், அது டூலைக் கூப்பிடாத நேரத்திலும் கான்டெக்ஸ்டில் இடம் பிடிக்கும்.

பிழை அட்டவணையை ஒரே இடத்தில் வைத்து மற்ற எல்லா இடமும் அதைச் சுட்டட்டும். "வரைசோதி விளக்கு வ203" என்று கேட்டால் அந்த ஒரு பதிவை மட்டும் தரும்படி டூலில் வசதி இருந்தால் இன்னும் நல்லது, வேண்டியது மட்டும்தான் உள்ளே போகும்.

இன்ஸ்டால் கட்டளை இதற்குப் பிறகு வரட்டும். பெரும்பாலும் டூல் ஏற்கெனவே அந்த மெஷினில் இருக்கும், இல்லாவிட்டாலும் அது இரண்டு வரி.

9. புதிய ஏஜென்டிடம் கொடுத்துப் பாருங்கள்

நீங்கள் எழுதியதை நீங்களே படித்துச் சரிபார்க்க முடியாது, உங்களுக்கு டூல் தெரியும். முன்கதை எதுவும் இல்லாத ஒரு புது செஷனைத் திறந்து, டாக்குமென்டையும் கெட்ட கோப்பு ஒன்றையும் கொடுத்து, "இதை டேட்டாபேஸில் ஏற்றத் தயார் செய்" என்று மட்டும் சொல்லுங்கள். செக்கரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்து மூன்றைப் பாருங்கள். ரெஃபரன்ஸ் நிலையைத் தானாகக் கொடுத்ததா? பைப் போட்டதா? எட்ஜை அழித்ததா? ஒருமுறை சரியாகச் செய்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், அதே டாக்குமென்டை வைத்து அடுத்த முறை வேறு வழியில் போகும். நான் ஒவ்வொரு கெட்ட கோப்புக்கும் ஐந்து முறை ஓட்டுகிறேன்.

தவறு நடந்தால் கை தன்னால் ப்ராம்ப்டைத் திருத்தப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு இந்த டூலை ஓட்டப்போகும் ஏஜென்டுக்கு உங்கள் ப்ராம்ப்ட் கிடைக்காது, டாக்குமென்ட் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே எந்த வரி இல்லாததால் அப்படிச் செய்தது என்று கண்டுபிடித்து அந்த வரியை டாக்குமென்டில் சேருங்கள். எங்கள் டாக்குமென்டில் "காலி நோட் உருவாக்காதே" என்ற வரி அப்படித்தான் வந்தது: எட்ஜை அழிக்காதே என்று மட்டும் எழுதியிருந்தோம், ஏஜென்ட் அதற்குக் கட்டுப்பட்டு, காணாத ஒவ்வொரு ஐடிக்கும் பெயரில்லாத ஒரு நோடை உருவாக்கி வைத்திருந்தது.

10. பதிப்பு மாறும்போது

டாக்குமென்டின் தலையில் டூலின் பதிப்பு எண்ணை எழுதி, "வரைசோதி --பதிப்பு ஓட்டி இதோடு ஒப்பிடு, வேறாக இருந்தால் --ஹெல்ப்பை நம்பு" என்று அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள். செக்கர் மாறாமல் எக்ஸ்போர்ட்டர் மட்டும் மாறுவதும் உண்டு, லிங்க்ஸ் எட்ஜஸ் ஆன மாதிரி. அப்போது செக்கரின் டாக்குமென்டைத் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. எக்ஸ்போர்ட் லைப்ரரியின் பதிப்பை உயர்த்தும் புல் ரிக்வெஸ்டில் படி 2-இல் எழுதிய பகுதியையும் பார்த்தாயிற்றா என்று ஒரு செக்பாக்ஸ் போட்டு வையுங்கள், பூஜ்ஜியப் படியில் செய்த நல்ல கோப்பையும் அன்றைக்கே புதிய பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்து மாற்றிவிடுங்கள்.